வேர் முடிச்சும் ஒளி வளையமும்

காவிரிப் படுகையிலே நாற்று நடுவதற்கு முன்னால் தக்கைப்பூண்டை விதைத்து, அது பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, அந்தப் பசுந்தாள் சேற்றில் மக்கிய பிறகே நடவைத் தொடங்குகிற குடியானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் செடிகளுள் ஒன்றை மண்ணோடு பிடுங்கி, வேரை வாய்க்கால் நீரில் அலசிப் பார்த்தால், கடுகளவும் மிளகளவுமாகச் சிறு முடிச்சுகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் காணலாம். நன்கு வேலை செய்கிற முடிச்சொன்றை நகத்தால் கீறினால், உள்ளே இளஞ்சிவப்பு நிறம் பளிச்சென்று வெளிப்படும். நம் உடலில் ஓடும் இரத்தத்தைச் சிவப்பாக்குகிற பொருளுக்கு நெருங்கிய உறவான ஒன்றே அந்த நிறத்துக்குக் காரணம். முடிச்சினுள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன என்பது பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற செய்திதான். ஆனால் அவை அதை எப்படிப் பிடிக்கின்றன என்று கேட்டால், நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிற விஞ்ஞானிகளும், தாம் அறிந்தது பாதிதான் என்று பணிவோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் அந்தக் கடலின் அடியில் நின்றுகொண்டே பயிர்கள் நைட்ரஜன் இன்றி வாடுகின்றன. காரணம், அந்த அணுக்கள் இரண்டிரண்டாக, மும்மடிப் பிணைப்பு என்று ரசாயன நூலார் கூறும் கட்டினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதே. அக்கட்டை அவிழ்க்க ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆய்வுக்கூடத்தில் வழி கண்டார். கார்ல் போஷ் 1913-இல் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் கண்ட வழிக்கு 400 முதல் 500 டிகிரி வரை வெப்பமும், வளிமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். மூட்டை மூட்டையாக வாங்கி நாம் வயலில் இறைக்கும் யூரியா அந்த உலையிலே பிறந்ததுதான்.

அதே காரியத்தை, சேற்று நிலத்தின் சாதாரண வெப்பத்தில், புகையும் இரைச்சலும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் செய்து முடிக்கிறது. அதன் கையிலுள்ள கருவி நைட்ரோஜினேஸ் என்னும் நொதி. நொதி என்பது, தான் அழியாமலே பிற பொருள்களின் ரசாயன மாற்றத்தைப் பல கோடி மடங்கு விரைவுபடுத்தும் ஒரு புரதம். நாம் சோற்றை மெல்லும்போது எச்சிலிலும், மாவு புளிக்கும்போது பானையிலும் வேலை செய்கிறவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆனால் நைட்ரோஜினேஸ் அவற்றுள் தனிப் பிறவி. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை அம்மோனியாவாக மாற்றுவதற்கு, உயிரணுக்களின் நாணயம் என்று சொல்லத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளில் 16 மூலக்கூறுகளை அது செலவிடுகிறது. எட்டு எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த எலெக்ட்ரான்களோ, இடையிலுள்ள தடையின்மேல் ஏறிக் கடப்பதற்குப் போதிய சக்தி இல்லாதபோதும், அதனூடே புகுந்து மறுபுறம் சென்றுவிடுகின்றன. இதைச் சமத்காரமான வருணனை என்று எவரும் கருதவேண்டா. குவாண்டம் பௌதிகத்தின் விதி அப்படித்தான் நடக்கிறது. வேர்க்கடலைக் கொல்லையிலும் அந்த விதியே ஆட்சி செலுத்துகிறது.

இந்த நொதியின் உள்ளே, வேலை உண்மையில் நடைபெறும் கருவறை போன்ற ஓரிடம் உண்டு. ஏழு இரும்பு அணுக்களும் ஒன்பது கந்தக அணுக்களும் ஒரு மாலிப்டினம் அணுவும் சேர்ந்து அங்கே ஒரு சிறு கூண்டாக அமைந்திருக்கின்றன. கலிபோர்னியாவில் டக்ளஸ் ரீஸும் அவருடன் உழைத்த கிம்மும் 1992-இல் அக்கூண்டின் வடிவத்தை முதன்முதலாக உலகுக்குக் காட்டியபோது, அதன் நடு வெறுமையாக இருப்பதாகவே தோன்றிற்று. பத்து ஆண்டு கழித்து, 2002-இல், இன்னும் கூர்மையான படம் எடுத்துப் பார்த்தவர்கள் நடுவில் ஏதோ ஓர் இலேசான அணு ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். அது நைட்ரஜனா, ஆக்ஸிஜனா, கார்பனா என்று அவர்களால் துணிந்து சொல்ல முடியவில்லை. ஒரே ஓர் அணு இன்னதென்று அறிவதற்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2011-இல் செரீனா டி பீர் என்ற அம்மையாரின் குழுவினர் ஒரு வழியாலும், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து ஆய்வாளர்கள் வேறு வழியாலும் ஆராய்ந்து, அது கார்பன் என்று ஒருமித்து அறிவித்தார்கள். ஆறு இரும்பு அணுக்களுக்கு நடுவே தனித்து அமர்ந்திருக்கும் கார்பன் அணு, உயிர்ப் பொருள்களில் அதற்கு முன்பு எங்கும் கண்டறியப்படாத விந்தை. அது அங்கே என்ன செய்கிறது என்பதைப் பற்றிய வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு விரிவாக இதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. டி பீர் குழுவினர் கையாண்ட முறைக்கு, மிகச் செறிவான எக்ஸ் கதிர் தேவை. கூண்டின் மேல் அக்கதிரைப் பாய்ச்சினால், இரும்பு அணுக்கள் அதை வாங்கிக்கொண்டு மீண்டும் கதிரை வெளியிடுகின்றன. அவ்வாறு வெளிவரும் கதிரில், இரும்புக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பது எந்த மூலகமோ அதன் கைரேகை பதிந்திருக்கும். மருத்துவமனையில் எலும்பைப் படமெடுக்கும் எக்ஸ் கதிர் இதற்குக் காணாது. அவர்களுக்குக் கதிர் தந்தது கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டில் உள்ள ஒரு வளையம். எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், 234 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம். அவ்வளையம் நொதிகளுக்காகக் கட்டப்பட்டதன்று. ஸ்பியர் என்று பெயரிடப்பட்டு, வாகனங்கள் நிறுத்தியிருந்த ஒரு திடலில் 1972-இல் கட்டி முடிக்கப்பட்டபோது, எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டு, பிரபஞ்சத்தின் அடிப்படைத் துகள்கள் எவை என்று அறிவது ஒன்றே அதன் நோக்கமாயிருந்தது.

அந்த வளையத்தில் நிகழ்ந்த பெரிய கண்டுபிடிப்புக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. 1970-இல் ஷெல்டன் கிளாஷோ, ஜான் இலியோபூலோஸ், லூசியானோ மையானி என்ற மூவர், குவார்க் என்னும் அடிப்படைத் துகள்களுள் அன்று அறியப்பட்டிருந்த மூன்றை மட்டும் கொண்டு கணக்கிட்டால் இயற்கையில் நடக்காத சில சிதைவுகள் நடக்கவேண்டும் என்று கணக்கு சொல்கிறதே என்று மயங்கி, நான்காவதாக ஒரு குவார்க் இருந்தால் அந்த முரண்பாடு தானே நீங்கிவிடும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். அத்துகளை எவரும் பார்த்ததில்லை. அதற்குச் சோதனைச் சான்று எதுவும் அப்போது இல்லை. கணக்கு ஒழுங்காக அமையவேண்டும் என்ற ஒரே ஆதாரத்தின்மேல் நின்ற ஊகம் அது. 1974 நவம்பரில், ஸ்பியர் வளையத்தில் பர்ட்டன் ரிக்டரின் குழுவும், கிழக்குக் கரையில் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங்கின் குழுவும், ஒருவரையொருவர் அறியாமலே ஒரே துகளைக் கண்டுபிடித்து, நான்காவது குவார்க் உண்டென்று நிலைநாட்டின. இரண்டே ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குவார்க்கைத் தாங்கிய துகள்கள் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு வாழ்வதே பெரிது. அதைக் கொண்டு இன்றுவரை எவரும் ஒரு குண்டூசிகூடச் செய்யவில்லை. இனிச் செய்வார்கள் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

வளைவான பாதையில் விரைந்து ஓடும் எலெக்ட்ரான், திரும்பும் ஒவ்வொரு கணமும் தன் சக்தியில் சிறிது ஒளியாகச் சிந்திவிடும். துகள் ஆராய்ச்சியாளருக்கு அது தொல்லை. ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதுபோல, சிந்திய சக்தியை மீண்டும் மீண்டும் ஊற்றி ஈடுசெய்ய வேண்டியிருந்தது. ஆனால் வளையம் கட்டப்பட்ட காலத்திலேயே, அந்தச் சிந்தும் ஒளி எங்களுக்கு வேண்டும், சுவரில் ஒரு துவாரம் மட்டும் வைத்துத் தாருங்கள் என்று கேட்ட சிலரும் அங்கே இருந்தார்கள். துவாரம் வைக்கப்பட்டது. மோதல் சோதனைகள் நடக்கும்போதே, அந்த ஒளியைப் பொருள்களின்மேல் பாய்ச்சிப் பார்க்கும் வேலையும் பக்கத்தில் நடந்தது. காலம் செல்லச் செல்ல, வந்த விருந்தாளியே வீட்டுக்காரராகி, 1990-களில் வளையம் முழுவதும் ஒளிக்காகவே இயங்கத் தொடங்கிற்று. பின்னர் 2004-இல் புதுக் காந்தங்கள் பூட்டிப் புதுப்பிக்கப்பட்டது. தக்கைப்பூண்டின் வேர் முடிச்சிலே வேலை செய்யும் நொதியின் நடுவணு இன்னதென்று தெரிவித்த ஒளி, நான்காவது குவார்க்கைக் கண்டறிந்த வளையத்திலிருந்து சிந்திய ஒளிதான்.

இந்த உறவை எவரும் திட்டமிடவில்லை என்பதே நாம் உற்று நோக்கவேண்டியது. 1970-இல் அந்த மூவரிடமும் சென்று உங்கள் ஆராய்ச்சியினால் உழவனுக்கு என்ன பயன் என்று எவரேனும் கேட்டிருந்தால், மரியாதையான மௌனத்தையே விடையாகப் பெற்றிருப்பார். அந்த மௌனத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு அன்று பொக்கிஷத்தை மூடியிருந்தால், வளையமும் இல்லை, துவாரமும் இல்லை, ஒளியும் இல்லை.

இது தற்செயலாக வாய்த்த ஒற்றை நிகழ்ச்சி என்று சிலர் கருதக்கூடும். அவர்களுக்காக மற்றொரு வரலாற்றையும் கூறுகிறேன். பெர்லினில் லீஸே மைட்னர் அம்மையாரிடம் உதவியாளராயிருந்த மாக்ஸ் டெல்புரூக் என்ற இளைஞர், 1933-இல், வெற்று வெளியும் உண்மையில் வெறுமையன்று, அணுக்கருவின் வலிமை மிகுந்த மின்புலத்தினருகே அது ஒளியைச் சிதறச் செய்யும் என்று ஒரு கருத்தை வெளியிட்டார். அச்சிதறலுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. கோட்பாட்டுப் பௌதிகத்தில் அவருக்குப் பெரிய எதிர்காலம் காத்திருந்தது என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் 1932-இல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் ஒளியையும் உயிரையும் பற்றி ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டது முதல், அணுவை ஆராய்ந்த அதே கண்டிப்போடு உயிரையும் ஆராய முடியாதா என்ற கேள்வி அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டே இருந்தது. 1937-இல் அவர் அமெரிக்கா சென்று, பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களை, அதாவது ஃபேஜ் எனப்படுபவற்றை, ஆராயத் தொடங்கினார். உயிர்களில் இதைக் காட்டிலும் எளியது இல்லை. ஹைட்ரஜன் அணுவிலிருந்து அணுப் பௌதிகம் தொடங்கியதுபோல, ஃபேஜிலிருந்து உயிர்ப் பௌதிகம் தொடங்கலாம் என்பது அவர் எண்ணம். சால்வடோர் லூரியா என்ற இத்தாலியர் அவருடன் சேர்ந்தார். 1969-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியோடு இவ்விருவருக்கும் நோபல் பரிசு வந்தது.

டெல்புரூக்கைச் சுற்றித் திரண்ட கூட்டத்தில், ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்து, நாற்பதைக் கடந்த வயதில் அப்பதவியை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவுக்குச் சென்ற ழான் வைகிள் என்பவரும் ஒருவர். நன்கு வேரூன்றிய பதவியைத் துறந்து, தமக்குச் சிறிதும் பழக்கமில்லாத ஒரு சாஸ்திரத்தில் மாணவனாய் மீண்டும் உட்காருவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அத்தகையவர்களை வரலாறு போதிய அளவு போற்றுவதில்லை. அவரும் ஜூசெப்பே பெர்த்தானியும் 1953-இல் ஒரு வினோதத்தை வெளியிட்டார்கள். ஒருவகைப் பாக்டீரியாவில் செழித்து வளர்ந்த ஃபேஜ், வேறொரு வகைப் பாக்டீரியாவில் இட்டால் பெரும்பாலும் மாய்ந்துவிடுகிறது. ஆனால் அங்கே தப்பிப் பிழைத்த சிலவற்றின் சந்ததியை அதே இடத்தில் மீண்டும் இட்டால் தடையின்றிப் பெருகுகிறது. தங்கிய வீட்டின் அடையாளத்தைத் தன்மேல் தாங்கி வருவதுபோல அது நடந்துகொண்டது. லூரியாவும் முந்திய ஆண்டில் இதைப் போன்ற ஒன்றைக் கண்டிருந்தார்.

வைகிள் கோடைதோறும் ஜெனீவாவுக்கு வருவார். அங்கே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைப் பராமரிக்கும் வேலையில் அமர்ந்து, பிறகு இந்த ஃபேஜ்களின்பால் ஈர்க்கப்பட்ட வெர்னர் ஆர்பர் என்ற இளைஞர், அவ்வினோதத்தின் காரணத்தை நாடலானார். 1962-இல் அவரும் அவருடைய மாணவியான டெய்ஸி டுசுவாவும், நுழையும் அந்நிய டி.என்.ஏ.-வைப் பாக்டீரியா துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது என்பதையும், தன்னுடையதை வெட்டாமல் காக்க அதன்மேல் ஓர் அடையாளம் இடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். பரிசளிப்பு விழாக்களில் மறக்கப்பட்டுவிட்ட அம்மாணவியின் பெயரை இங்கே எழுதுவதை என் கடமையாகக் கருதுகிறேன். இவ்வளவும் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஜெனீவாவின் புறநகரான மெய்ரினில், ஐரோப்பிய நாடுகள் பல ஒன்றுகூடி 1954-இல் தோற்றுவித்த செர்ன் என்னும் துகள் ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன.

1970-இல் அமெரிக்காவின் ஹாமில்டன் ஸ்மித், வேறொரு பாக்டீரியாவிலிருந்து, ஆறு எழுத்து நீளமுள்ள குறிப்பிட்ட ஒரு தொடரைக் கண்ட இடத்தில் மட்டும் டி.என்.ஏ.-வை வெட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார். டேனியல் நேதன்ஸ் அதைக் கொண்டு ஒரு வைரஸின் மரபுப் பொருளை வரைபடமாக்கினார். 1978-இல் ஆர்பரோடு இவ்விருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். அதே ஆண்டில் மனித இன்சுலினை உண்டாக்கும் மரபணுக்கள் பாக்டீரியாவினுள் வைக்கப்பட்டன. 1982 முதல் அந்த இன்சுலின் மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் சர்க்கரை நோயாளிகள், வெட்டப்பட்ட மாட்டின் கணையத்தையும் பன்றியின் கணையத்தையும் நம்பியிருந்தார்கள். இன்று நம் தெருக்களில் இன்சுலின் ஊசி நுழையாத தெரு எது? அந்தக் குப்பியிலிருந்து பின்னோக்கி நடந்து சென்றால், வெற்று வெளியில் ஒளி சிதறுமா என்று பெர்லினில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இளைஞரின் மேசையருகே போய்ச் சேருகிறோம்.

ஆயினும் இவ்விடத்தில் என் பக்கத்தைச் சேர்ந்தவர்களையே சற்று எச்சரிக்க விரும்புகிறேன். விஞ்ஞானத்துக்காக வாதாடுகிறவர்கள், இன்சுலினையும் இணையத்தையும் கடைவிரித்துக் காட்டி, கொடுத்த பணம் வட்டியோடு திரும்பும் என்று வணிகரின் தராசிலேயே தம் பண்டத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். அத்தராசை ஒப்புக்கொண்டால், ஏறாத பண்டங்களை என்ன செய்வது? நூறு ஆராய்ச்சிகளில் மிகப் பல, எக்காலத்தும் எந்தச் சந்தைக்கும் வரமாட்டா. அதிசமச்சீர் என்னும் அழகிய சித்தாந்தத்தின்பேரில் ஆயிரக்கணக்கான அறிஞர்கள் ஆயுளைச் செலவிட்டார்கள். அது முன்னறிவித்த துகள்களுள் ஒன்றுகூடச் செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்தில் இதுவரை தென்படவில்லை. 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டதற்குப் பிறகு, அதற்கு நிகரான புதிய அடிப்படைத் துகள் எதுவும் கண்டறியப்படவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. எது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்வதும் அறிவுதான். இருட்டறையில் கதவைத் தேடுகிறவனுக்கு, இது சுவர் என்று தெரிவதும் ஒரு லாபமே. இயற்கை எதனால் ஆனது, உயிர் எவ்வாறு இயங்குகிறது என்று கேட்பது மனிதனாகப் பிறந்தவனின் சுபாவம். அக்கேள்வியைக் கேட்கச் சிலருக்கேனும் ஓய்வும் சோறும் அளித்துப் பேணுவது, கோயிலையும் நூலகத்தையும் பேணுவதைப்போல, நாகரிகமுள்ள ஒரு சமுதாயத்தின் தர்மம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

பசித்த வயிறுகள் இருக்கும் தேசத்தில் குவார்க்கு எதற்கு என்று கேட்பவர்களின் இதயத்தை நான் குறைகூறேன். அக்கேள்வியில் கருணை இருக்கிறது. ஆனால் கணக்கு அவர்கள் நினைப்பதற்கு மாறாக இருக்கிறது. இந்தியா ஆராய்ச்சி அனைத்துக்குமாக, பாதுகாப்பும் விண்வெளியும் மருந்தும் வேளாண்மையும் உட்பட, செலவிடும் தொகை தேசத்தின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம், தென் கொரியா செலவிடுவது 4 சதவீதத்துக்கும் மேல். கோட்பாட்டுப் பௌதிகத்துக்கும் நொதிகளின் அடிப்படை ஆராய்ச்சிக்கும் அந்த 0.64-இல் கிடைப்பது சிறு துளி. அத்துளியை உறிஞ்சி எடுப்பதால் ஒரு பானையும் நிறையாது. அன்றியும், தென் கொரியா செல்வம் சேர்த்த பிறகு ஆராய்ச்சியைத் தொடங்கவில்லை. 1960-களில் அது நம்மைப்போலவே ஏழ்மையில் உழன்ற நாடு.

பணமும் பெருங்கருவிகளும் இல்லாமலே இந்தத் துறைகளில் உலகம் மதிக்கும் காரியம் நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1952-இல், முப்பது வயது நிரம்பாத கோ. நா. ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்றார். துணைவேந்தராயிருந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அவரைப் பெரிதும் ஆதரித்தார். ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தபோது, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அச்சொல்லைப் பற்றிக்கொண்டார். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதிரி கிடைத்தது. பின்னர் கங்காருவின் வால் தசைநாண் நல்ல படம் தருமென்று அறிந்து அதையும் வரவழைத்தார். கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954-இல், கொலாஜன் மூன்று புரிகள் சேர்ந்த கயிறு என்று வெளியிட்டார்கள்.

அதற்குப் பின் வந்தது இன்னும் பெரிது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பக்கூடும். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது என்ற எளிய நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தெந்தக் கோணங்கள் இயலும், எவை இயலா என்று ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கணக்கிட்டு, ஒரு சதுரத் தாளில் அடங்கும் படமாக 1963-இல் வெளியிட்டார்கள். கோட்பாட்டுக் கணக்கு என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணத்தை நான் அறியேன். உலகின் எந்த மூலையில் எந்தப் புரதத்தின் அமைப்பை எவர் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று ராமச்சந்திரன் படத்தின்மேல் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. நைட்ரோஜினேஸின் படமும் அந்தக் கட்டளைக்கல்லில் உரைக்கப்பட்டதே. இதைச் செய்தவர் சி. வி. ராமனிடம் பயின்ற பௌதிக மாணவர். டெல்புரூக்கைப்போல, வைகிளைப்போல, அவரும் துறைகளுக்கிடையே போடப்பட்ட வேலியைத் தாண்டியவர். அவருடைய துறைக்கு வெளியே எவரேனும் நின்று, பௌதிகப் பேராசிரியருக்குத் தோலில் என்ன வேலை என்று அதிகாரம் செய்திருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸம் என்ற தம் இல்லத்தில், அல்லாடி ராமகிருஷ்ணன் இளைஞர்கள் சிலரைக் கூட்டிவைத்துத் துகள் பௌதிகத்தில் அன்று உலகெங்கும் வெளிவந்துகொண்டிருந்த புதிய கட்டுரைகளை விவாதித்து வந்தார். ஆய்வுக்கூடம் இல்லை, கரும்பலகை உண்டு, ஆர்வம் உண்டு. 1960-இல் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் அவ்விளைஞர்களைக் கண்டு மகிழ்ந்து பாராட்டினார். அன்று சென்னை மாநிலத்தின் கல்வி அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் முயற்சிக்குத் துணை நின்றார்; பிரதமர் நேருவின் ஆதரவும் கிட்டிற்று; 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித விஞ்ஞான நிலையம் தோன்றிற்று. இன்று தரமணியில் நிற்கும் அந்நிலையத்தின் அடித்தளம் ஒரு வீட்டுக் கூடத்தில் இடப்பட்டது என்பதை அவ்வழியே போகும் பேருந்துப் பயணிகளில் எத்தனை பேர் அறிவார்கள்? ஏழ்மை இன்றைவிடக் கொடிதாயிருந்த அந்த நாட்களில், நெல்லுக்கும் பாலுக்கும் கவலைப்பட்ட ஆட்சியாளர்களே இதற்கும் இடம் கொடுத்தார்கள். பின்னாளில் மத்திய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவரும் அதே சுப்பிரமணியம்தான். அவருக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றவில்லை.

இன்றைய நிலையைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. நிதி கேட்டு விண்ணப்பிக்கும் ஆராய்ச்சியாளன், மூன்றாண்டில் என்ன பண்டம் விளையும், எந்தத் தொழிலுக்கு அது உதவும் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டியிருக்கிறது. நான்காவது குவார்க்கை ஊகித்தவர்களோ, ஃபேஜின் வினோதத்தைத் துருவியவர்களோ அந்தப் படிவத்தை நேர்மையாக நிரப்பியிருக்க முடியாது. எத்தனை கட்டுரைகள் வெளியிட்டாய் என்று ஆண்டுதோறும் எண்ணும் வழக்கமும் பரவிவிட்டது. 1964-இல் தம் பெயரால் வழங்கும் துகளைப் பற்றிய கருத்தை வெளியிட்ட பீட்டர் ஹிக்ஸ், அது மெய்ப்பிக்கப்பட 48 ஆண்டுகள் காத்திருந்தார். இடையில் அவர் எழுதிய கட்டுரைகள் மிகச் சில. இன்றைய முறைப்படி தமக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் வேலையே கிடைத்திராது என்று முதுமையில் அவரே கூறினார். இன்னொருபுறம், ஆராய்ச்சி மாணவர்களுக்கு உரிய மாத உதவித்தொகை பல மாதங்கள் தாமதித்து வருகிறது. கிராமத்திலிருந்து படித்து வந்து, குடும்பத்தின் எதிர்பார்ப்பையும் தோளில் சுமந்துகொண்டு, நொதியையோ துகளையோ ஆராயத் துணிந்த ஒரு பெண் அறை வாடகைக்குக் கடன் வாங்குகிறாள். அவள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பாள்?

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கையேனும், பயன் என்ன என்று கேளாமல், கேள்வி நல்லதா, கேட்பவர் தகுதியுள்ளவரா என்ற இரண்டை மட்டும் பார்த்து, ஐந்தாண்டுக்கு, ஏழாண்டுக்கு என்று நீண்ட தவணையில் வழங்கவேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பவேண்டும். பௌதிகத்துக்கும் உயிர் ரசாயனத்துக்கும் பொதுவான பதவிகளைத் துணிந்து ஏற்படுத்தவேண்டும். ஸ்டான்போர்டில் அந்தச் சுவரில் வைத்ததுபோல, ஒரு துறையின் கூடத்தில் மறு துறையினருக்கு ஒரு துவாரமாவது வைக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் குழுக்கள் அமைத்து ஆலோசிக்கச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். மாணவர்களின் உதவித்தொகை மாதத்தின் முதல் தேதியில் தவறாமல் அவர்கள் கைக்குச் சேருவதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை. அதை அடுத்த மாதத்திலிருந்தே தொடங்கலாம்.